புங்க மரத்தை வெட்டச் சொன்னவள்

இந்த ஒரு வேலையிலாவது பெண்டாட்டியிடம் யோசனை கேட்பதில்லை என்று நான் முடிவெடுத்தது எழுபத்தொன்றாம் வருசம், மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. பத்தேகாலுக்கு அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என் மூஞ்சி திறந்துவிட்டது.

காரணம் இல்லாமல் எடுத்த முடிவு இல்லை. எனக்கு உடையப்பன் என்று ஒரு பெயர் உண்டு. ரேசன் கார்டில் உண்டு. கானாடுகாத்தானில் வேறு எந்த இடத்திலும் கிடையாது. நான் கேணி வெட்டினேன், நல்ல தண்ணீர் வந்தது. "சோணையம்மா இடம் காட்டினா, வந்துச்சு" என்றார்கள். நான் மாட்டுக்கொட்டகை போட்டேன், புயலில் அசையாமல் நின்றது. "சோணையம்மா சொன்ன தெசை" என்றார்கள். கடைத்தெருவில் நடந்தால் "சோணையம்மா வீட்டுக்காரர் வாராரு" என்பார்கள். அவள் கழுத்தில் தாலி கட்டியது நான்தான். அதையும் அவள் யோசனை சொல்லித்தான் கட்டினேன் என்று ஊரில் ஒரு பேச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமை சிதம்பரம் செட்டியார் கூப்பிட்டுவிட்டார். அவர் வீட்டுத் தோட்டம் என் பொறுப்பு. அவர் மகன் சொக்கு கனடாவில் இன்ஜினீயர். ஆறு மாதம் பனி கொட்டுகிற ஊராம். சொக்குவின் மகளுக்கு ஒன்பது வயது. தண்ணீரைக் கண்டால் விடாத பிள்ளை. பேத்தி வருகிறாள் என்று செட்டியார் வீட்டின் பின்பக்கம், பழைய வண்டிக்கொட்டகை இருந்த இடத்தில், நீச்சல் குளம் வெட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் ஊரணி வெட்டிக் கொடுத்த குடும்பம், இப்போது வீட்டுக்குள்ளேயே வெட்டுகிறது என்று ஊர் வேடிக்கை பார்த்தது.

"உடையப்பா, குளம் கொத்தனார் பாடு. குளத்தைச் சுத்தி உள்ளது ஒன் பாடு" என்றார் செட்டியார். "ஆடியில சொக்கு வாரான். அவன் பொறப்பட்டுப் போனதும் நாங்களும் மெட்ராசுக்குக் குடிபோறோம். இம்புட்டுப் பெரிய வீட்டப் பூட்டிப் போட்டா வௌவால்தான் குடியிருக்கும். பின்கட்டுல ஒரு குடும்பம் இருந்து பாத்துக்கிறணும். ஒன் வேலை நல்லா அமைஞ்சா ஒங்கிட்டச் சாவி. இல்லையா, நம்ம எடுபிடி கருத்தையா அதக் கேட்டு நடையா நடக்கிறான்."

எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. அப்போது நாங்கள் இருந்தது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் ஏழு பாத்திரம் வைப்போம். எட்டாவது ஒழுகலுக்கு என்னை உட்கார வைப்பாள். மூன்று பிள்ளைகள், ஒரே அறை. செட்டியார் வீட்டுப் பின்கட்டில் ஐந்து அறை. தேக்குத் தூண். ஒரு சொட்டு ஒழுகாது.

அந்தச் சாவியை நான் வாங்க வேண்டும். நானே வாங்க வேண்டும். "சோணையம்மா வாங்கிக் குடுத்தா" என்று ஒரு வாய் சொல்லக் கூடாது. அதுதான் முடிவு.

சொக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். குளத்தைச் சுற்றித் தோட்டம் போடுவது எப்படி என்று வழவழத் தாளில் கலர் கலராகப் படம். எழுத்தெல்லாம் இங்கிலீசு. சத்தியமூர்த்தி வாத்தியாரைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்து, செட்டியாரும் நானும் கருத்தையாவும் சுற்றி நின்றோம். வாத்தியார் தமிழில் சொன்னார்.

"குளத்தின் அருகே மரம் ஆகாது. இலை விழும். நிழலும் விழும். பகல் முழுவதும் வெயில் தண்ணீரில் பட வேண்டும்."

"பகல் பூராவுமா?" என்றேன்.

"முழுவதும் என்றுதான் போட்டிருக்கிறது. அடுத்து, கரை சுற்றிலும் கருப்புக் கல் பதிக்க வேண்டும். அது சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்."

"எதுக்கு வாத்தியாரே அதப் போயி வாங்கி வைக்கணும்?"

"எழுதியவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? காற்று வரும் திசையில் செடி வைத்து அடைக்க வேண்டும். ஊசியிலை மரம் சிறியதாக, கோபுரம் மாதிரி வைக்கலாம்."

"ஊசி எலைன்னா நம்ம சவுக்குதான் ஐயா. நாளைக்கே கொண்டாந்துருவேன்" என்று கருத்தையா முந்தினான். அவன் எப்போதும் அப்படி. செட்டியார் தும்மினால் மூக்கைத் துடைக்க அவன் துண்டோடு நிற்பான்.

குளத்துக்கு மேற்கே ஒரு புங்க மரம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப் பிடிக்கலாம். செட்டியார் அதைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், "அப்ப அது போகணும்" என்றார்.

மத்தியானம் சோற்றில் கை வைத்தேன். குழம்பு ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"புஸ்தகத்துல மரம் ஆகாதுன்னு போட்டிருக்காமே."

"ஒனக்கு யாரு சொன்னது?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டுறப்ப மாட்டுக்கிட்டச் சொன்னீகளே."

"மாட்டுக்கிட்டச் சொன்னா மாட்டோட இருக்கணும்."

"அதான் நானும் கம்முனு இருக்கேன். ஒண்ணே ஒண்ணு, அந்தப் புங்க மரத்த மொத வேலையா வெட்டிப்புடுங்க."

எனக்குக் கையில் எடுத்த கவளம் நின்றுவிட்டது. அவள் செட்டியாரின் மனைவி வள்ளிக்கண்ணு ஆச்சிக்கு நெல் புடைத்துக் கொடுக்கப் போகிறவள். புடைத்து முடித்து உட்காருவதே அந்த மரத்தடியில்தான்.

"ஏண்டி, வெட்டவா சொல்ற?"

"பின்ன? மாசி பங்குனியில எலையா உதுத்துத் தள்ளும். சித்திரை வைகாசியில பூவாக் கொட்டும். ஆடி மாசந்தான் ஒண்ணும் உதுக்காம கருகருன்னு நெழலக் குடுத்துக்கிட்டு நிக்கும். ஆடியில மட்டும் ஒழுங்கா இருக்கிற மரம் நமக்கு எதுக்கு? வெட்டுங்க."

கை கழுவும்போது யோசித்தேன். மரத்தை வெட்டினால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? சோணையம்மா வெட்டச் சொன்னா, வெட்டினான் என்று சொல்லும். வேலை நன்றாக அமைந்தால் பேர் அவளுக்கு. ஆகவே அவள் எது சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வது. அப்படிச் செய்தால் அது நூற்றுக்கு நூறு என் யோசனை. எந்த நீதிபதி வந்தாலும் என் பக்கம்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

இப்படி ஒரு மூளை எனக்கு இருப்பது நாற்பத்திரண்டு வயது வரை எனக்கே தெரியாமல் போனதே என்று வருத்தமாக இருந்தது.

மறுநாள் போனால் மரத்தடியில் கருத்தையா கோடாரியோடு நிற்கிறான். செட்டியாரும் நிற்கிறார். நான் ஓடிப் போய் மரத்துக்கு முன்னால் நின்றேன்.

"ஐயா, வெட்ட வேணாம்."

"புஸ்தகத்துல போட்டிருக்கே உடையப்பா."

"புஸ்தகத்துக்குப் புங்க மரத்தத் தெரியாதுங்கய்யா. மாசி பங்குனியில எலை உதுக்கும். சித்திரை வைகாசியில பூக்கொட்டும். தம்பி வாரது ஆடியில. ஆடியில ஒத்த எலை விழாது. கருகருன்னு நெழலு."

செட்டியார் என்னைப் புதுசாகப் பார்த்தார். "இவ்வளவு விவரம் வச்சிருக்கியே" என்றார். எனக்கு நெஞ்சு விரிந்தது. அந்த விவரம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. நெஞ்சு விரியும்போது தலைக்கு ரத்தம் போகாது போல.

கருத்தையா விடவில்லை. "ஐயா, தம்பி கடல் தாண்டி அனுப்புன புஸ்தகம். நாளைக்குத் தம்பி வந்து, ஏன் எழுதுனபடி செய்யலைன்னு கேட்டா?"

"கேட்டா அன்னைக்கே நானே வெட்டுறேன்" என்றேன். "சாவியையும் நீயே வாங்கிக்க."

வாய் சொல்லிவிட்டது. வீடு வந்ததும் பெண்டாட்டியிடமும் அதுவே சொல்லிவிட்டது.

விசயத்தைக் கேட்டதும் சோணையம்மாள் தலையில் கை வைத்தாள். "எதுக்குங்க இந்த வம்பு? ஏழு பாத்திரத்த வச்சுக்கிட்டு இன்னுமொரு மழைக்காலம் என்னால ஓட முடியாது. இப்பயும் ஒண்ணும் கெட்டுப்போகல, போயி வெட்டிருங்க."

அதற்கப்புறம் அந்த மரத்தில் ஒரு காக்காய் கூட உட்காராமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது கல். புத்தகம் கருப்புக் கல் என்கிறது. கருங்கல்லுக்குச் சொல்லிவிடப் புறப்பட்டு, துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"கருங்கல்லு நல்ல முடிவுங்க" என்றாள்.

துண்டை எடுத்துவிட்டேன்.

"நல்லா இழைச்சுப் பதிங்க, கண்ணாடி மாதிரி இருக்கும். சில பேரு செம்புராங்கல்லப் போடுவாக. நம்ம மண்ணுல வெட்டுற கல்லு, அதுக்கு என்ன மதிப்பு? சொரசொரன்னு, ஈரக்காலோட ஓடுனாக் கூட வழுக்காது. வெயில்ல கருங்கல்லு அளவுக்குச் சுடக்கூடச் சுடாது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதப் போயா போடுறது?"

செம்புராங்கல் இரண்டு வண்டி வந்து இறங்கியது. கருத்தையா செட்டியாரிடம் போய் அழுதான். செட்டியார் இரண்டு பக்கமும் மனசு கேட்காமல், "சரி, மாதிரிக்குக் கெழக்கு ஓரத்துல நாலே நாலு கருங்கல்லு போட்டு வை. தம்பி பாத்து எது வேணும்னு சொல்லட்டும்" என்றார்.

மூன்றாவது, காற்றுக்கு வேலி. ஆடிக் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். இதில் மட்டும் புத்தகமும் எங்கள் ஊரும் ஒத்துப்போனது. சோணையம்மாள் சவுக்குக்கு ஒரு ஓட்டுப் போட்டாள். போட்டுவிட்டு, "மருதாணி மட்டும் வச்சிராதீக. நெருக்கமா வளந்துரும். தெருப் பொம்பளைக பூராம் வந்து பறிப்பாளுக. பறிக்கப் பறிக்க இன்னும் நெருக்கமாகும். மண்ணு சரியாம இருக்க வெட்டிவேரும் வச்சிராதீக. காத்தடிச்சா வீடு பூராம் மணக்கும், தலைவலி" என்றாள்.

திருப்பத்தூர் சந்தைக்கு வண்டி கட்டிப் போனேன். நாற்றுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கானாடுகாத்தான்தான? இந்தா, இடுப்பு ஒசரத்துல நூறு மருதாணி. வெட்டிவேரு சாக்குல இருக்கு. தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன்."

"நான் வாரது ஒமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாமயா" என்று சிரித்தார்.

என் புகழ் திருப்பத்தூர் வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் மாட்டை நான் அதட்டவே இல்லை.

ஆடி பிறந்தது. சொக்கு வந்தார், மனைவி வந்தார், பேத்தி வந்தது. வந்த அன்றைக்கே பிள்ளை குளத்தைக் கேட்டது. மத்தியானம் மூன்று மணி. வெயில் என்றால் எங்கள் ஊர் வெயில். மழைக்காலத்தில்தான் அது கொஞ்சம் ஓய்வெடுக்கும், அப்போதும் சொல்லாமல் திரும்பி வந்துவிடும். வாத்தியார் புத்தகத்தோடு நின்றார். கருத்தையா கோடாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றான். ஆச்சி கதவோரம் நின்றார்கள். சோணையம்மாளும் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயம். சாவி போனால் ஐப்பசியில் நான்தான் எட்டாவது பாத்திரம்.

செட்டியார் பேத்தி குதிப்பதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று, நாற்காலி வரும்வரைக்கும் பொறுக்காமல், கிழக்கு ஓரம் போய் அந்த நான்கு கருங்கல்லில் ஒன்றில் உட்கார்ந்தார். மல் வேட்டி மெல்லிசு.

உட்கார்ந்த வேகத்தை நான் பார்த்தேன். எழுந்த வேகத்தை யாரும் பார்க்கவில்லை. கண் சிமிட்டும் நேரத்தில் அவர் புங்க மரத்தடியில் நின்று பின்பக்கத்தை இரண்டு கையாலும் விசிறிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. இடையில் பதினைந்து அடிக் குளம், சுற்றித்தான் வர வேண்டும். எப்படி வந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை.

"என்ன அப்பச்சி இது, எதுக்கு இங்க கருப்புக் கல்லு?" என்று சொக்கு அப்பாவிடம் ஓடி வந்தார்.

"நீ அனுப்புன புஸ்தகத்துலதான்டா போட்டிருக்கு, சூட்டை வாங்கி வச்சுக்கிறணும்னு."

"அப்பச்சி, அது பனி பெய்யிற ஊருக்கு எழுதுனது. அங்க வெயிலப் பிடிச்சு வைக்கிறதுதான் பெரும்பாடு. நான் படம் பாக்கத்தான அனுப்புனேன்? அட்டையிலயே போட்டிருக்கே, குளிர் தேசத்துக்குன்னு."

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தோம். வாத்தியார் அட்டையைப் பார்த்தார்.

"உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கச் சொன்னீர்கள்" என்றார். "அட்டையை யாரும் கேட்கவில்லை."

அதற்குள் பிள்ளை நிழலில் செம்புராங்கல் மேல் வெறுங்காலோடு ஓடிப் போய்த் தண்ணீரில் விழுந்தது. ஏறியது, ஓடியது, விழுந்தது. ஒரு தடவை வழுக்கவில்லை. மேற்கே காற்று ஊளையிட்டது. மருதாணி வேலியைத் தாண்டி ஒரு பொட்டுப் புழுதி உள்ளே வரவில்லை. வெட்டிவேர் வாசம் மட்டும் வந்தது. புங்க மரத்திலிருந்து ஒரே ஒரு இலை சுழன்று இறங்கியது. என் உயிர் அதோடு சேர்ந்து இறங்கியது. அது செட்டியார் தலையில் விழுந்தது. குளத்தில் விழவில்லை.

"உடையப்பா, இந்த மரத்த வெட்டாம விட்டதுக்கே ஒனக்குக் கோயில் கட்டணும்" என்றார் சொக்கு. கருத்தையா கோடாரியை எடுத்துக்கொண்டு, விறகு பிளக்க வந்தவன் மாதிரி அடுப்படிப் பக்கம் போய்விட்டான்.

ஒரு மாதம் இருந்துவிட்டு அவர்கள் கனடாவுக்குப் புறப்பட்டார்கள். அடுத்த வாரம் செட்டியார் வீட்டுச் சாமான்களும் மெட்ராசுக்குப் போக லாரியில் ஏறின. ஆச்சி என்னைக் கூப்பிட்டு, ஒரு சாவியை என் கையில் வைத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் சாவியை நான் சரியாகப் பார்க்கவில்லை.

"நல்லா இரு" என்றார்கள் ஆச்சி. "அந்த மரம் நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த வருசம் எங்க மாமியா வச்சது. ஐயா வெட்டணும்னதும் எனக்குச் சோறு எறங்கல. சோணையம்மாகிட்டச் சொல்லி அழுதேன். 'அதுக்கு எதுக்கு ஆச்சி அழுகிறீக? எங்க வீட்டுக்காரர்கிட்ட வெட்டச் சொல்லிட்டாப் போதும்'னா."

எனக்கு ஒரு நிமிசம் ஒன்றும் புரியவில்லை. மறு நிமிசம் எல்லாம் புரிந்தது. மரம் புரிந்தது. கல் புரிந்தது. திருப்பத்தூர் நாற்றுக்காரர் சிரித்ததும் புரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று பார்த்தால், அவள் அந்த ஏழு பாத்திரத்தையும் கவிழ்த்து வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இனி சோறு பொங்கத்தான் அது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். சேர்த்து வைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

இந்த மனுசி நினைத்திருந்தால் ஊருக்கு முன்னால், இது என் யோசனை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐந்து மாதம் என்னைப் பெரிய மனுசனாக நடக்கவிட்டு, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் பேரை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். இதற்கு ஒரு மனுசன் சண்டையா போடுவான்?

"சோணை" என்றேன். "ஆச்சி எல்லாம் சொல்லிட்டாக."

கை நின்றது. "எம்புட்டுச் சொன்னாக?"

"பூராம்."

"பூராம் சொல்லியிருக்க மாட்டாக" என்று மறுபடி தேய்த்தாள்.

"இந்தா. இந்தச் சாவி ஒனக்குச் சேரவேண்டியது. மனசாரச் சொல்றேன், நீதான் வச்சுக்கிறணும்."

"வேணாங்க. ஒங்க கையில இருக்கிறதுதான் அழகு."

எனக்குத் திகைப்பாகிவிட்டது. இவள் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தமா? இல்லை, நான் அப்படி நினைப்பேன் என்று தெரிந்து உண்மையாகவே வேண்டாம் என்கிறாளா? எதற்கும் இருக்கட்டும் என்று பழைய வழிக்கே போனேன்.

"முடியாது. நீதான் வச்சுக்கிறணும்."

அவள் கையைக் கழுவித் துடைத்தாள். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சாண் நீளத்தில் ஒரு இரும்புச் சாவி வெளியே வந்தது.

"ஆச்சி போன வெள்ளிக்கிழமையே வீட்டுச் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டாகங்க. ஒங்க கையில இருக்கிறது கொளத்து மோட்டார் ரூமுச் சாவி."